அரம் எட்டாத இடம்

அந்தச் சொல்லின் முன்னால் ஒரு டபிள்யூ நிற்கிறது.
யாரும் அதைக் கூப்பிடுவதில்லை.
ரிங்கிள் என்றுதான் சொல்கிறார்கள்.
எப்போதோ நாக்கு இஸ்திரி போட்டு
அழுத்திவிட்ட எழுத்து;
தாளில் மட்டும் மடிப்புக் கலையவில்லை.

ஈடித் குவாரல் அதன் சீட்டுகளை
மேசையில் பரப்பியிருக்கிறாள்.
பிப்ரவரி. கணப்பில் கரி குறைவு.
அகராதி அலுவலகத்தில் கையுறையோடு எழுதலாம்,
விரல்நுனி வெட்டிய கையுறை என்றால்.

ஆகப் பழைய சீட்டில் முகமே இல்லை.
ஒரு நிலப்பத்திரம் எல்லை சொல்கிறது:
ஓடையிலிருந்து முள்மரம்,
முள்மரத்திலிருந்து
நெளிந்து நெளிந்து போகும் பள்ளம் வரை.
நெளிந்த என்ற இடத்தில்தான்
இந்தச் சொல்லின் மூதாதை உட்கார்ந்திருக்கிறது.
முதலில் சுருங்கியது
யாருடைய நெற்றியும் அல்ல,
ஒரு வாய்க்கால்.

துணியைப் பிழிகிற சொல்லும்
கணுக்காலைச் சுளுக்குகிற சொல்லும்
இதற்குத் தாயாதிகள்.
அந்த வீட்டு வாசல்களிலும்
அதே ஊமை டபிள்யூ.

பிறகு பட்டு வருகிறது, காலுறை வருகிறது,
குளத்தின்மேல் காற்று போட்ட கோடு வருகிறது.
முகம் மெதுவாக வருகிறது.
அலைக்கும் தோலுக்கும் திரை என்ற ஒரே சொல்லை
வைத்துக்கொண்டு ஒரு மொழி இருப்பது
ஈடித்துக்குத் தெரியாது.
தெரிந்தால் இன்னொரு சீட்டு எழுதியிருப்பாள்.

கடைசிச் சீட்டு சீட்டே அல்ல.
எட்டாக மடித்த கடிதம்.
பிரித்ததும் தொழுவ வாசனை.
ஹெரிஃபோர்டு பக்கத்திலிருந்து ஹானா பெப் எழுதுகிறாள்:

ஐயா,
கன்றுக்கு ஒரு வளையம் வீதம்
பசுவின் கொம்பில் விழும்.
அதை நாங்கள் ரிங்கிள் என்போம்.
கட்டைவிரலால் எண்ணித்தான் மாடு வாங்குவோம்.
போன சந்தையில் நான் வாங்கியதற்கு இரண்டே இரண்டு.
பதினாலு பவுன் கொடுத்தேன்.
வீட்டில் வாயைத் திறந்து பார்த்தால்
பல் தேய்ந்து ஈறோடு கிடக்கிறது.
கொம்பருகே விளக்கைப் பிடித்தேன்.
அரம் ஓடிய தடம். மேலே எண்ணெய்.
அடுத்த வாரம் ப்ராபர்ட்டின் சட்டையைப் பிடித்தேன்.
சிரித்தான்.
அம்மணி, வியாபாரத்தில் அதுவும் ஒரு ரிங்கிள் என்றான்.
இந்த வாக்கியம் உங்களுக்கு உதவுமா?
பவுன் எப்படியும் திரும்பாது.

ஈடித் இரண்டு முறை படித்தாள்.
ரிங்கிளை அராவி எடுத்ததே
ஒரு ரிங்கிள்.
சொல் தன்னைத்தானே பிழிந்து
காயப் போட்டிருந்தது.
தொழிலின் நெளிவுசுளிவு என்று நாம் சொல்வோமே,
அந்த வாய்க்கால்தான்
சுற்றிச் சுற்றிச் சந்தைக்கு வந்திருக்கிறது.

புதுச் சீட்டு எடுத்து முழுக்கதையும் எழுதினாள்.
பதிப்பாசிரியர் லோவிபாண்ட்
ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்:
சுருக்கவும்.

சுருக்கத்தைச் சுருக்க உட்கார்ந்தாள்.
பல் போயிற்று. விளக்கு போயிற்று.
பதினாலு பவுன் இரண்டாம் முறையும் போயிற்று.
ஹானா பெப் போனாள்.
நின்றது ஒரு தேதி, ஒரு மாவட்டம்,
ப்ராபர்ட் சொன்னதில் பாதி.
ஏமாற்றியவன் அகராதியில் ஏறினான்.

அக்டோபரில் இன்னொரு கடிதம்.

ஐயா,
கிழம் என்று நான் திட்டிய மாடு
ஏப்ரலில் கன்று போட்டது. கிடாரி.
கொம்பின் அடியில்,
அரம் எட்டாத இடத்தில்,
புதிதாக ஒன்று விழுந்திருக்கிறது.
விரலுக்குத் தெரிகிறது, கண்ணுக்கு இன்னும் இல்லை.
இது உங்களுக்கு வேண்டாம் என்று தெரியும்.
இருந்தாலும் எழுதுகிறேன்.

டபிள்யூ அச்சுக்குப் போய்விட்டது.
இழுப்பறைகளில் இடமில்லை.
ஈடித் அதை அதே எட்டு மடிப்பில் மடித்து
இடது கையுறைக்குள் செருகிக்கொண்டாள்.
அன்று பிற்பகல் முழுதும்
தாளைப் பிடிக்கும்போதெல்லாம்
உள்ளங்கையில் சரசரத்தது.