பத்தொன்பது மீட்டர்

மடித்தால் எழுபத்தெட்டு சென்டிமீட்டர்.
ஒரு பீரோ நுழைகிற வாசலில் இதுவும் நுழையும்.
இரவு பதினொன்றரைக்கு
கனகபுரா சாலை மாலின் சரக்கு வாசல் வழியே
ரப்பர் பட்டையில் ஊர்ந்து உள்ளே வந்தது
மூன்று டன் எடையுள்ள எங்கள் சிலந்தி.

நான்கு கால்களையும் விரித்தேன்.
ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஜோனாஸ் டோப்னோ
பலகை வைத்தான், குனிந்து,
வந்தவருக்கு மணை போடுகிறவன் மாதிரி.
மட்டக் குமிழி நடுவுக்கு வந்து நின்றது.
தரை எங்களைத் தாங்கும் என்று
மேலாளர் ஷெனாய் எழுதிக் கொடுத்த காகிதம்
என் சட்டைப்பையில்.

வேலை என்னவென்றால், ஒரு பலூன்.
யார் வீட்டுக் குழந்தையோ கைவிட்ட
வெள்ளி நிற ஒற்றைக்கொம்புக் குதிரை
கூரைக் கண்ணாடிக்குக் கீழே மேய்ந்துகொண்டிருக்கிறது.
ஏசி காற்றில் நகர்ந்து
புகைமானியின் கண்ணை மறைக்கும்போதெல்லாம்
நடுராத்திரியில் தீ மணி அடிக்கிறதாம்.
நாலு நாளாக செக்யூரிட்டிக்குத் தூக்கமில்லை.
இதற்கு நாள் வாடகை பதினெட்டாயிரம்,
ஜிஎஸ்டி தனி.

இடுப்புக் கொக்கியைக் கூடையில் மாட்டினேன்.
முதலில் முழங்கை நிமிர்ந்தது, பிறகு தோள்.
அப்புறம் ஒன்றுக்குள் ஒன்றாய் ஒளிந்திருந்த குழாய்கள்
ஒவ்வொன்றாய் வெளியே.
செருப்புக் கடை, கைக்கடிகாரக் கடை,
பாப்கார்ன் வாசம் வந்து நிற்கும் எல்லை,
அதற்கு மேல் கடையும் இல்லை விலையும் இல்லை,
தூசிதான்.
கூடை லேசாக ஆடும்.
ஆடத்தான் வேண்டும்,
ஆடாத கையை நான் நம்புவதில்லை.

குதிரையைப் பிடிக்க நாலு நிமிஷம்.
வாயில் குச்சியைச் செருகிக் காற்றை இறக்கினேன்.
"ஏறினது ஏறினீங்க,
அந்த உத்தரத்தையும் துடைச்சிடுங்க."
வாக்கி டாக்கியில் ஷெனாய்.

துடைத்தேன்.
உத்தரத்தின் மேல்முகம்,
கீழே நிற்கும் எந்தக் கண்ணுக்கும் எட்டாத முகம்,
அதில் சிவப்பு பிரைமரில்
தூரிகை நுனியால் தமிழ்:

        தாண்டவன் செட்டு. ஆள் 3. நாள் 13. கூலி 450.
        மொத்தம் 17,550. வாங்கினது 9,000.
        பாக்கி 7,550.

தேதி இல்லை.
கூலியைப் பார்த்தால்
இந்தக் கட்டடம் வெறும் எலும்பாக நின்ற காலம்.
சிலந்தி எல்லாம் அப்போது ஏது.
சாரக் கம்பைக் கால்விரலால் பற்றிக்கொண்டு
மேஸ்திரி ஏறிவர பயப்படுகிற இடமாகப் பார்த்து
கணக்கைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.
வண்ணம் அடித்தவர்களும்
இந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மனசுக்குள் பெருக்கிக் கழித்தேன்.
மறுபடி கழித்தேன்.
ஆயிரம் குறைகிறது.
பாக்கியிலேயே ஒரு பாக்கி.

"முடிஞ்சுதா?"
"ஒரு கறை இருக்கு சார், ரெண்டு நிமிஷம்."

மார்க்கர் மணிக்கட்டுக் கயிற்றில் தொங்கியது.
ஏழை எட்டாக்கினேன்.

பிறகு குழாய்க்குள் குழாய், தோள், முழங்கை,
கடைசியாகக் கால்கள்.
பளிங்கில் கீறல் உண்டா என்று
டார்ச் அடித்துச் சுற்றி வந்தார் ஷெனாய்.
இல்லை. கையெழுத்துப் போட்டார்.
ஒன்றரை மணி நேர வேலைக்கு
குறைந்தபட்சம் எட்டு மணி நேரம் என்பது ஒப்பந்தம்,
போனில் பணம் வந்து விழுந்த சத்தம் கேட்டது.

ஜோனாஸ் குதிரையை நாலாக மடித்துக்கொண்டிருந்தான்.
சிம்டேகாவில் மகளுக்கு அனுப்பலாமா என்று கேட்டான்.
அனுப்பு, என்றேன்,
காற்றுக்கு அங்கே வாடகை இருக்காது.
வாசலில் சிலந்தியைத் திருப்பினேன்.
இரண்டு பக்கமும்
ஒரு விரல் இடம்.