செவுள் பார்த்து வாங்குகிறவருக்கு

நாளை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னீர்கள், நிஸ்தார்.
கின்னியாப் பாலம் கடந்து சீனக்குடாவால் வந்தால்
பாலையூற்று மாதா கோயிலுக்குப் பின் ஒழுங்கை, நீல கேற்.
வண்டி வெளியில் நிற்கும்.
கழுவியிருக்கிறேன்.
கழுவ முடியாத ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

தரகர் நேற்றே சொல்லிவிட்டார்:
"யூலியானாக்கா, புது ஒயில் விட்டால்
குச்சியில் சிவப்பாய் நிற்கும்.
வாறவன் என்ன, நெஞ்சைப் பிளந்தா பார்க்கப்போறான்?"

உங்களுக்குத் தெரியும்தானே,
மத்தியானம் கடந்த பாரைக்குச்
செவுளில் சாயம் தடவுகிற கை.

இது ஓட்டோ கியர். கிளச் இல்லை.
கிளச் இல்லாத வண்டியில் கால் வலிக்காது.
வலிப்பது எதுவென்று
மூன்று வருடம் எனக்குத் தெரியாது.

நிலாவெளி மணலில் இருபத்துமூன்று அடிப் பைபர் படகை
ட்ரெய்லரில் கொழுவி இழுப்பேன்.
சில்லுப் புதையும்;
நான் இன்னும் மிதிப்பேன்.
உவர்மலை ஏற்றத்தில் முன்னால் பஸ் நின்றால்
பிரேக்கைத் தொடாமல்
அக்ஸிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து வைத்திருப்பேன்.
கெட்டித்தனம் என்று நினைத்தேன்.
உள்ளே ஒயில் வெந்துகொண்டிருந்தது.

ஆவணி. கன்னியாச் சந்தி தாண்டவில்லை, பின்னால் படகு.
என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை,
கூலிக்குப் பிடித்தவன்
கூச்சல் மட்டும் போடுகிற மாதிரி.
பிறகு ஒரு மணம்.
தொதல் அடிப்பிடித்த மணம்.
"எங்கேயோ கலியாண வீடு" என்றாள்
பக்கத்தில் இருந்த டிலானி.

தண்ணீர்ச் சூடு காட்டும் முள்
நல்ல பிள்ளையாய் நடுவில்.
அது வேறு சூடு, இது வேறு சூடு.
கன்னியாவின் ஏழு கிணறுகள் மாதிரி:
எட்டி அடுத்ததைத் தொடலாம்,
ஒன்றின் சூடு மற்றதில் இல்லை.
கண்ணுக்கு எல்லாம் தண்ணீர்தான்.

ஓரங்கட்டி, ஹான்ட் பிரேக் இழுத்து,
நியூற்றலில் போட்டு, என்ஜினை அணைக்காமல் விட்டேன்.
அணைத்தால் ஒயில் ஓடாது,
சூடு இருந்த இடத்திலேயே குந்தியிருக்குமாம்.
கராஜ் ரவூப் போனில் சொன்னது.
அரை மணித்தியாலம்
படகின் நிழலில் நின்றோம், நடுரோட்டில், கடல் இல்லாமல்.

கூலரைக் கழற்றியபோது தகட்டு இடுக்கெல்லாம்
வைக்கோல், மணல், வண்ணத்துப்பூச்சிச் சிறகு,
கடற்காற்று வைத்துவிட்டுப்போன உப்பு.
மாதம் ஒருக்கால் தண்ணீர்க் குழாயை
மெதுவாகப் பிடித்திருந்தால் போதும்.
நான் ஒருக்காலும் பிடிக்கவில்லை.

இப்போது படகு கொழுவினால் ஓவர்ட்ரைவை நிறுத்துகிறேன்.
மணலென்றால் கீழ்க் கியர், அவசரமில்லை.
ஒயில் மாற்றுவது
புத்தகத்தில் எழுதிய தூரத்தின் பாதியில்.
என்றாலும் காலையில் ரிவேர்ஸ் போட்டால்
வண்டி ஒரு மூச்சு யோசிக்கிறது.
முன்பு யோசிக்காது.
நீங்கள் வரும்வரை நான் ஸ்டார்ட் பண்ணமாட்டேன்,
அந்த யோசனையை நீங்களே கேட்கவேண்டும்.

விலையைக் குறைப்பீர்கள்.
குறையுங்கள்.
படகு என்ஜினுக்கு இன்னும் ஆறு தவணை இருக்கிறது,
அதையும் நினைத்துக் குறையுங்கள்.

ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சூட்டோடு குச்சியை இழுங்கள்.
சீற்றில் வெள்ளைக் கைலேஞ்சி வைத்திருக்கிறேன்.
அதில் துடைத்து வெயிலில் பிடியுங்கள்.
பச்சைமீன் செவுள் சிவப்பு இருக்காது.
பழுத்த கபிலம்தான்; கறுப்பு இல்லை,
இன்னும் இல்லை.

முகர்ந்தும் பாருங்கள்.
விடியற்காலை வாடியில்
ஐஸைத் தள்ளிவிட்டுக் குனிவீர்களே,
அந்த மூக்கோடு வாருங்கள்.