கடைமடை

தலைநகரத்துக்கு நான் எழுதிய கடிதங்கள் பதினாலு.
பதில் ஒன்று: "பரிசீலனையில்."
மாகாணப் படத்தில் எங்கள் ஊர் கிடப்பது மடிப்பில்.
விரித்து மடித்து, விரித்து மடித்து
அந்த இடம் தேய்ந்துபோயிற்று.

தலைமடை குடித்து மீந்ததுதான் கடைமடைக்கு.
நிதியும் அப்படித்தான் வந்து சேரும்,
மார்ச் முடிகிற வாரத்தில், சேறும் சகதியுமாக.

ஜனவரி. மைனஸ் இருபத்தேழு.
ஊரின் ஒரே பம்ப் இரவு மூன்று மணிக்கு நின்றது.
கேட்காமல் நான் செலவழிக்கக்கூடியது ஐயாயிரம் டொலர்.
பம்ப் பதினோராயிரம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்ன்.
டுவேன் திபடோவை எழுப்பினேன்.
அவனும் கடைமடைக்காரன்,
வாய்க்கால் மட்டும் வேறு.

பாலத்தில் சுங்கத்துப் பெண் கேட்டாள்:
விற்பனைக்கா, சொந்தப் பாவனைக்கா?
"தண்ணிக்கு" என்றான் டுவேன்.
அவள் வீடும் எங்கள் குழாயில்தான்.
தடுப்புக்கட்டை உயர்ந்தது.

நான் கூப்பிட்டது மூன்று பத்துக்கு.
அவன் வந்து இறங்கியபோது
அவன் கைக்கடிகாரத்தில் இரண்டு ஐம்பது.
அக்கரையில் நேரம் ஒரு மணி பின்னால்.
கேட்குமுன்பே வந்த உதவி
என் உத்தியோகத்தில் அது ஒன்றுதான்.

அக்கரைக்கு இக்கரை பச்சை என்பார்கள்.
அன்று இரண்டும் வெள்ளை.

ஏப்ரலில் பதினைந்தாவது கடிதம், இம்முறை அவர்களிடமிருந்து:
அந்நிய இயந்திரம் எந்த விதியின் கீழ் பொருத்தப்பட்டது?
விதி எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது.

டுவேனின் தீயணைப்பு வண்டிக்கு டயர் இல்லையாம்.
எங்கள் கொட்டகையில் இரண்டு உண்டு.
இருட்டட்டும், கொண்டுபோகிறேன்.