கேள்வி எண் ஒன்பது

உங்கள் வாசலிலிருந்து தெரிகிற மரங்களில்
மூன்றின் பெயரைச் சொல்லுங்கள்.

வசந்த் விஹாரில் நாற்பது வீடுகள்,
வீட்டுக்கு நூற்றிருபது ரூபாய்.
தண்ணீர் கொடுத்தால் குடிக்கலாம்,
பதிலைத் திருத்தக் கூடாது
என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

பூரி வீட்டில் கேட்ட உடனே பதில்:
அசோகா.
மதிலோரம் விறைத்து நின்ற பதினான்கும்
நெட்டிலிங்கம்.
எழுதினேன்: தெரியும்.

அடுத்த வீட்டில் வேம்பு என்றார்கள்.
வேம்புதான்.
இரண்டாவதும் வேம்பு என்றார்கள்.
அது மலைவேம்பு.
மூன்றாவதற்கு மகனை மாடியிலிருந்து கூப்பிட்டார்கள்.
அவன் கைப்பேசியை இலைக்கு நேரே நீட்டினான்.
அது சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு
எண்பத்திரண்டு சதவீதம் கறிவேப்பிலை என்றது.

சேஷகோபாலன் காப்பி கொடுத்தார்.
'பேரெல்லாம் தெரியாதும்மா.
மார்ச்சுல ஒரு வாரம் மொட்டையா நிக்கும்,
அப்புறம் செம்புப் பாத்திரம் தேச்சு வெச்ச மாதிரி துளிர்க்கும்.
அன்னிக்குத்தான் ஸ்வெட்டரை மடிச்சு உள்ள வைப்பேன்.
முப்பத்தோரு வருஷமா ஒருதரம்கூட
அது என்னை ஏமாத்தினதில்லை.'
இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
மேற்பார்வையாளர் அழித்துவிட்டார்.

பார்வையில் படுவதற்கும் அறிவில் இருப்பதற்கும்
நமக்கு ஒரே சொல்.
படிவம் இந்தியில் இருந்தது.

கணக்குக்குப் பத்து வீடுகள் குறைந்தன.
குசும்பூர் பஹாடிக்கு அனுப்பினார்கள்.
ஃபூல்வதி காட்டிலிருந்து இறங்கிவந்து
சுள்ளிக்கட்டைக் கீழே போட்டாள்.
கேட்டேன்.
என் கழுத்து அட்டையைப் பார்த்தபடி
'தெரியாது' என்றாள்.
சின்னவள் 'கீக்க...' என்று தொடங்கினாள்,
ஒரு கிள்ளு.
கட்டை மறைத்துப் புடவை கொஞ்சம் நகர்ந்தது.
காட்டில் விறகு எடுத்தால் எவ்வளவு அபராதம் என்று
என் படிவம் கேட்கவில்லை.
எழுதினேன்: தெரியாது.

அந்தக் கட்டில் இருந்தது முழுக்க
முள் சீவிய சீமைக்கருவேலம்.
பரமக்குடியில் கரியாகி, வேலியாகி,
நீதிமன்றப் படி வரைக்கும் ஏறிய அதே முள்.
இங்கே அதை விலாயதி என்கிறார்கள்.
எத்தனை தலைமுறை ஆனாலும்
பெயரிலேயே கப்பல் டிக்கெட்.
பூரி வீட்டு மாடியிலிருந்து பார்த்தால்
அது பச்சை, அழகான பச்சை,
ஆதிகாலக் காடு.

பேருந்து நிறுத்தத்தின் பின்னால்
அதே முட்களுக்கு நடுவே ஒன்று வேறாக நின்றது.
மூன்று நாள் அதன் நிழலில்தான் காத்திருந்தேன்.
நான்காம் நாள் காலை ஃபூல்வதி வந்தாள்.
இந்தப் பக்கம் ஒடித்தாள், அந்தப் பக்கம் ஒடித்தாள்,
அதை மட்டும் சுற்றிக்கொண்டு போனாள்.
'இது?' என்றேன்.
முதலில் என் பையைப் பார்த்தாள். மூடியிருந்தது.
'ஜாண்ட். எழுதிக்காதே.'

வன்னி.
கோயிலில் தகரப் பலகையோடு நின்றதைச்
சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.
பலகையைத்தான் சுற்றியிருக்கிறேன்.

அறிக்கை வந்துவிட்டது.
அறுபத்தொரு சதவீதம் பேருக்குத் தெரியும்.

பழகிப் பார்க்க எனக்குக் கொடுத்த படிவம்
இன்னும் பையிலேயே கிடக்கிறது.
முகவரி: முனிர்க்கா, மூன்றாம் மாடி, பின்கட்டு.
கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு.
ஒன்பதாம் கேள்வியை
இன்னும் நிரப்பவில்லை.