மூன்று வாரத்துக்கு வந்தவள்

விரிசல் அளக்கத்தான் வந்தேன் தாஸ்கோவுக்கு.
ஒரு பெட்டி கண்ணாடித் துண்டு,
ஒரு டப்பா பசை,
அலுவலகம் கொடுத்த மூன்று வாரம்.

சுவர் பிளந்த இடத்தில் குறுக்காக ஒட்டி
மேலே தேதி எழுத வேண்டும்.
கண்ணாடி உடைந்தால் வீடு நகர்கிறது.
உடையாவிட்டால்
இருந்த இடத்தில் இருக்கிறது.
இவ்வளவுதான் என் படிப்பு.

பதினேழாம் நாள்
கழுதைகூடத் திரும்ப முடியாத ஒரு சந்தில்
இந்த வீடு.
வெள்ளிச் சுரங்கத்துக் கணக்கன் கட்டியது என்றாள்
வீட்டுக்காரி எர்மிலா.
படியேறி முடிப்பதற்குள்
ஒரு பாதிரியார் கட்டியதாகிவிட்டது.
சுவர் அவ்வளவு கனம்.
சன்னல் குழிக்குள் காலை மடக்கி
ஓர் ஆள் உட்காரலாம்.
உட்கார்ந்தேன்.
கீழே ஓடுகள், ஓடுகளுக்குக் கீழே ஓடுகள்,
அவற்றின் நடுவே ரோஜாநிறக் கோபுரம் இரண்டும்
யாருக்கோ காத்திருப்பவைபோல.
'குடியிருக்கத் தகுதியற்றது' என்று
அறிக்கையில் எழுதி ஒப்பமிட்டுவிட்டு
வாடகை எவ்வளவு என்று கேட்டேன்.

ஏழு வருடம்.

தலைநகரில் என் அடுக்ககத்தில்
எல்லாம் நேராக இருந்தது, என்னைத் தவிர.
இங்கே மேசையில் வைத்த எலுமிச்சை
தானாக இறங்கிக் கதவோரம் போய் நிற்கும்.
அதைப் பிடித்து வருவது
சமையலில் ஒரு வேலை.

சன்னலுக்குப் பச்சை அடிக்க மனுப் போட்டேன்.
நான்கு மாதம் கழித்து
முத்திரை குத்திய காகிதத்தில் ஒரே சொல் வந்தது:
வெள்ளை.
கோபத்தில் ஒரு வாரம் அடிக்காமல் இருந்தேன்.
பிறகு வெள்ளைதான் அடித்தேன்.

தண்ணீர் செவ்வாய்க்கிழமை வரும்.
செவ்வாய் சில சமயம் வெள்ளியன்று வரும்.
கிறிஸோஃபொரோவின் லாரி கீழ் முக்கோடு நின்றுவிடும்.
ஆறு வீட்டு ரப்பர் குழாய்களை
ஒன்றன் வாயில் ஒன்றைச் செருகி
மேலே இழுக்க வேண்டும்.
பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக் குழாய்களும்
அதில் உண்டு.
அந்த இணைப்பில்தான் எப்போதும் ஒழுகும்.

வியாழக்கிழமை ஊரே பச்சை பொசோலே மணக்கும்.
பல் டாக்டர் வரவேற்பறைகூட.

நிக்கானோரின் வண்டு காரில் முன் இருக்கை கிடையாது.
அந்த இடத்தில் என் காஸ் சிலிண்டர்,
பின்னால் நான்,
செங்குத்தில் அவன் பின்னோக்கியே ஏறுவான்,
கண்ணாடியைப் பார்க்காமல்
என்னைத் திரும்பிப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டு.
கேட்காதீர்கள், பயம்தான்.
இறங்கியதும்
மறுபடி எப்போது தீரும் இந்த காஸ் என்றிருக்கும்.

வெளியூர்க்காரர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள்.
மாடியில் காயும் என் உள்பாவாடை
பெயர் தெரியாத நாடுகளில்
யார் வீட்டுச் சுவரிலோ அழகாகத் தொங்குகிறது.
"கொடுத்து வைத்தவர் நீங்கள்" என்கிறார்கள்.
வாளியைக் கீழே வைக்காமல்
ஆமாம் என்கிறேன்.
பொய்யில்லை.

போன செப்டம்பரில் ஓர் இரவு நிலம் அசைந்தது.
கயிற்றை யாரும் தொடாமல்
மணி ஒருமுறை அடித்தது.
எல்லோரும் சந்தில்.
எர்மிலா ஒற்றைச் செருப்போடு,
நான் போர்வையோடு,
பேசாத இரண்டு வீடும்
ஒரே டார்ச் வெளிச்சத்தில்.
யாரோ காப்பி போட்டார்கள்.
விடியும்வரை
கடவுளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
பள்ளிக்கூடம் உண்டா என்பதுதான் கேள்வி.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
என் கையெழுத்தில் ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி,
நாளுக்கும் மாதத்துக்கும் நடுவில்
இரண்டாக.

அலுவலகத்தின் எண் எனக்கு மனப்பாடம்.
ரிசீவரை எடுத்தேன்.
காதில் சற்று நேரம் வைத்திருந்தேன்.

பிறகு துடைப்பத்தை எடுத்துச் சில்லுகளைக் கூட்டினேன்,
பசை டப்பா இறுகிப்போயிருந்தது,
வெந்நீரில் வைத்து இளக்கினேன்,
புதுத் துண்டை ஒட்டி
அன்றைய தேதியை எழுதினேன்.

பெட்டியில் இன்னும் பதினொன்று இருக்கின்றன.