இருபத்தேழாவது கேள்வி

கடந்த முப்பது நாளில்
உடம்புக்கு முடியாமல்
எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை?

ஈச்சங்காட்டில் அஞ்சலாட்சி
ஒண்ணுமில்ல என்றார்,
பக்கெட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.
குடிகாட்டில் கலியபெருமாள்
ஒரு நாளும் இல்லம்மா, எழுதிக்க என்றவர்
இருமத் தொடங்கினார்.
அது முடியட்டும் என்று
பேனாவைக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஊன்றியபடி
காத்திருந்தேன்.
படிவத்தில் இருமலுக்குக் கட்டம் இல்லை.
பூஜ்யம் போட்டேன்.

அறுநூற்றுப் பதினொரு வீடு.
இரண்டாம் ஷிப்ட் விட்டு வருகிறவர்களைப் பிடிக்க
ராத்திரி பத்தரைவரை
சிப்காட் சாலையில் டீக்கடை பெஞ்சு.
காற்று ஒரு பக்கம் திரும்பினால் நெயில்பாலிஷ் வாடை,
உப்பனாற்றுப் பக்கம் திரும்பினால்
முட்டை கெட்ட வாடை.
ரெண்டும் இல்லாத அன்றைக்கு
"இன்னிக்கு பிளான்ட் ஓடலபோல" என்று
கவலைப்படுகிறார் டீ ஆற்றுகிறவர்.

அடுத்த வருஷம்
பாதி கம்பெனிகளில்
ஒப்பந்த ஆட்களுக்கும் அட்டை வந்தது.
அட்டையைக் காட்டினால் டாக்டர் சீட்டு,
சீட்டைக் காட்டினால் லீவு,
லீவுக்குப் பாதிக்குமேல் கூலி.
மற்ற பாதியில் எதுவும் வரவில்லை.
எனக்கு அதிர்ஷ்டம், ஒப்பிட ஆள் கிடைத்தார்கள்.
(இந்த வரியை ஆய்வேட்டில்
வேறு மாதிரி எழுதியிருக்கிறேன்.)

மறுபடி அதே வீடுகள், அதே கேள்வி.
காலாப்பட்டில் உட்கார்ந்து கணினியில் ஓட்டினால்
அட்டை வந்த இடத்தில்தான்
நோய் கூடியிருக்கிறது.
மூன்று நட்சத்திரம் போட்டுச் சொல்கிறது.

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"குறி மாறியிருக்கு பாரு, மைனஸ்ல வரணும்.
அட்டை குடுத்தா சீக்கு வருமா?
டேட்டாவைச் சுத்தம் பண்ணு."

சுத்தம் பண்ணக்
கடலூர் பஸ் ஏறினேன்.

இந்தச் சுற்றில் நாலு நாள் என்றிருந்தார் அஞ்சலாட்சி.
போன தடவை காய்ச்சலே வரலையா அக்கா?
"வந்துச்சே. மாத்திரை போட்டுக்கிட்டுப் போனேன்.
நீ போவாத நாளத்தானே கேட்ட."
துணியைப் பிழிந்து உதறினார்,
என் படிவத்தில் நாலைந்து துளி.
"அப்பல்லாம் காய்ச்சல் கட்டுப்படியாவாது தங்கச்சி.
இப்ப படுத்துக்கலாம்."

திரும்பும்போது
பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.
எனக்கும் அன்றைக்கு நெற்றி சுட்டது,
உதவித்தொகை வந்து ஐந்து மாதம்.
யாராவது படிவத்தோடு வந்து கேட்டிருந்தால்
நானும்
ஒண்ணுமில்ல என்றுதான் சொல்லியிருப்பேன்.

குறியை மாற்றவில்லை.
அஞ்சலாட்சி சொன்னது நாலாம் அத்தியாயத்தில்
"முன்பு பதிவாகாத நோயின் வெளிப்பாடு" என்று
ஒன்றரைப் பக்கம் ஆகியிருக்கிறது.
ஓரத்தில் டிக் போட்டிருக்கிறார் நெறியாளர்.
படுத்துக்கலாம் என்ற சொல்
அதில் எங்கேயும் இல்லை.

கலியபெருமாள் வீடு
இரண்டாம் சுற்றில் பூட்டிக் கிடந்தது.
பக்கத்து வீட்டில் ஒன்றும் சொல்லாமல்
கையை மேலே காட்டினார்கள்.
அதற்கென்று எண் வைத்திருக்கவில்லை நாங்கள்.
99: தொடர்பு கிட்டவில்லை.
ஒரு சுற்றில் இருந்து மறு சுற்றில் இல்லாதவரை
மென்பொருள் கேட்காமலே தள்ளிவிடும்.
மொத்தம் ஐந்நூற்று எண்பத்து நாலு
என்று காட்டும், கீழே, சின்ன எழுத்தில்.

நேற்று அட்டைப்பெட்டியைப் பிரித்து
அவர் தாளைத் தேடி எடுத்தேன்.
27. பூஜ்யம்.
பக்கத்தில், பேனா நின்ற இடத்தில்,
மை ஊறிக்
கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக
ஒரு புள்ளி.

புரட்டினேன்.
அடுத்த தாளிலும் இருந்தது.