கழித்தல் குறி

கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிந்ததைக்
கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டே
முதலில் முழு வசனமாய்க் கேட்டேன்:
கனகராயன்குளத்துக் கிணறுகளில்
தண்ணீர் ஏன் இவ்வளவு கடினம்?

ஆய்வுத் தேடுபொறி
பரீட்சை மண்டப மேற்பார்வையாளர் போல
முகத்தில் ஒன்றும் காட்டாமல்
பதினெட்டாயிரம் முடிவுகள் தந்தது.
முதலாவது மெக்சிக்கோவில் ஏதோ ஓர் ஊர்.

வசனத்தைக் கழற்றினேன்.
'ஏன்' போனது. 'இவ்வளவு' போனது.
நிலத்தடி நீர், கடினத்தன்மை, புளோரைட்டு:
மிஞ்சியது இவ்வளவுதான், அதுவும் ஆங்கிலத்தில்.

ஊர்ப்பெயரோடுதான் பெரும்பாடு.
ககரத்துக்கு ஜி போட்டவர் ஒருவர், கே போட்டவர் ஒருவர்,
நில அளவைக்காரன் ஒருவன்
நடு எழுத்தொன்றை வண்டிப்பாதையில் தவறவிட்டிருக்கிறான்.
வன்னி என்று போட்டால்
ராஜஸ்தானத்து மரமொன்று முள்ளோடு வந்து நிற்கிறது.
எல்லா எழுத்துக்கூட்டலையும் மேற்கோள் குறிக்குள் பூட்டி
இடையிடையே 'அல்லது' வைத்தேன்.

ஊர் கிடைத்தது.
முதல் பக்கம் யுத்தம்.
இரண்டாம் பக்கம் யுத்தத்தின் பின்.
மூன்றாம் பக்கம் யுத்தத்தின் பின் பெண்கள்.
நாலாம் பக்கத்தில்
ஒஸ்லோவிலிருந்து யாரோ என்னைப் பற்றியே எழுதியிருக்கலாம்,
வயது, குடும்பநிலை, 'பதிலளித்தவர் 14'.
எனக்கு வேண்டியது கல்சியம்.

சுகிர்தமலர் போனில் சொன்னாள்:
"வேண்டாத சொல்லுக்கு முன்னால கழித்தல் போடு.
இடைவெளி விடாத. விட்டா அதுக்கு விளங்காது."

போட்டேன்.
ஆங்கிலத்தில் மூன்றெழுத்து,
அதன் நெற்றியில் ஒரு சின்னக் கிடைக்கோடு.
ஆயிரங்கள் உதிர்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு.
எவ்வளவு அமைதி அந்தப் பக்கத்தில்!
மழைவீழ்ச்சி, பாறை வெடிப்பு, சிறுபோகத்து உழுந்து,
ஒருவகை மரத் தவளை.
யாருக்கும் ஒன்றும் நடந்திராத வன்னி.
மின்விசிறிக்குக் கீழே
துகள் மிதந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு அறிக்கை ஒன்று.
சுருக்கம் இலவசம், மிச்சம் நாற்பது டொலர்.
'எல்லாப் பதிப்புகளும்' என்பதைத் தட்டினால்
எங்கோ ஒரு நூலகம் சரித்து வைத்துப் படமெடுத்த பிரதி,
ஓரத்தில் எவருடையதோ பெருவிரல்.

இங்கே ஒரு குளம் நிரம்பினால் வான் பாயும்,
பாய்ந்தது கீழ்க்குளத்துக்குப் போகும்.
கட்டுரையும் அப்படித்தான்:
உசாத்துணைப் பட்டியல் மேற்குளம்,
'மேற்கோள் காட்டியவை' கீழ்க்குளம்.
கீழே இறங்கினேன். அங்கே மூன்றே மூன்று.
மூன்றாவதின் தலைப்பில் என் ஊர்,
மூன்று சொற்களும் வரிசையாக.

பிறகு ஏன் என் தேடலுக்குள் வரவில்லை?
முடிவுரை வரை தேடினேன். அந்தச் சொல் இல்லை.
கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், நன்றியுரை:
'யுத்தகாலத்தில் சோதனைச்சாவடியில்
நாற்பத்தொரு போத்தல்களையும் ஒவ்வொன்றாய்த் திறந்து,
மணந்து, ஒரு துளியும் சிந்தாமல் மூடித் தந்த
பெயர் தெரியாத சிப்பாய்க்கு.'

அந்த ஒரு வரிக்காக
நாற்பத்தொரு கிணறுகளையும் நான் கழித்திருக்கிறேன்.

அட்டவணை இரண்டு, கிணறு இருபத்தேழு:
பாடசாலைக்குப் பின்னால், பாலை மரத்தடி.
எங்கட கேத்திலுக்கு அதிலிருந்துதான் தண்ணி.
லீட்டருக்கு நானூற்றுப் பதினாறு மில்லிகிராம்.

குறியை அழித்தேன்.
ஆயிரங்கள் திரும்பி வந்தன.
பொறுமையாய், பக்கம் பக்கமாய்,
பதிலளித்தவர் பதினாலையும் தாண்டிப் போகிறேன்.
என் கட்டுரையில் நன்றியுரை மட்டும் பாக்கி.
அந்தச் சொல்லை எழுதினால்
கழிக்கிறவர்களுக்கு நான் அகப்படமாட்டேன்.
கேத்தில் கொதிக்கிறது.